தீயைக் கற்ற தீரர்

கோடைக் காலத்தில் நம் ஊர்ப்புறத்தில் ஓர் ஓலைக் குடிசை தீப்பற்றிக்கொண்டால் என்ன நிகழும் என்பதை நம்மிற் பலர் அறிவோம். கூக்குரல் எழும், ஊர் திரளும். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவோர் சிலர். அடுத்த கூரையைப் பிரித்தெறியத் துறட்டியோடு ஏறுவோர் சிலர். மண்ணை வாரி இறைப்போர் சிலர். ஆளுக்கொரு கட்டளை இடுவோரோ பலர். அங்கே கூடியவர்களுக்கு நல்ல மனம் உண்டு, துணிவும் உண்டு. இருந்தும் பெரும்பாலும் குடிசை சாம்பலாகிவிடும். அங்கே இல்லாத பொருள் ஒன்றுதான். அதுவே பயிற்சி.

நல்ல மனமும் துணிவும் போதா, தீயோடு போராடுவதற்கும் கல்வி வேண்டும் என்று கண்டு, அக்கல்வியைத் தாமே உருவாக்கி, பிறர்க்கும் கற்பித்து, முடிவில் அத்தொண்டிலேயே உயிர் நீத்த ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். எடின்பரோ நகரில் பிறந்து, இலண்டன் நகரில் மறைந்தவர். அறிவியல் பயிலும் நாம், கருவிகளைக் கண்டவர்களின் வரலாற்றை விருப்போடு படிக்கிறோம். ஆபத்தை ஆராய்ந்து அறிந்தவர்களின் வரலாற்றையும் அதே விருப்போடு படித்தல் வேண்டும். பிரெய்ட்வுட்டின் வாழ்வு அத்தகைய வரலாறு.

இளமை

பிரெய்ட்வுட் 1800-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் மரவேலையும் கட்டட வேலையும் செய்து வந்தவர். மகன் நகரின் புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு நில அளவையும் கட்டடத் தொழிலும் பயின்று தந்தையோடு வேலை பார்த்தார். ஒரு சுவர் எவ்வளவு பாரம் தாங்கும், ஓர் உத்தரம் எங்கே ஊன்றி நிற்கிறது, ஒரு மாடிப்படி எவ்வழியாகச் சுற்றி ஏறுகிறது என்பனவெல்லாம் அவருக்கு இளமையிலேயே கைவந்த பாடங்கள் ஆயின. பின்னாளில் புகையும் இருளும் சூழ்ந்த வீடுகளுக்குள் நுழைந்தபோது, கண்ணுக்குத் தெரியாத சுவர்களையும் அவர் மனக்கண்ணால் காண முடிந்தது. தச்சுப் பட்டறையில் கற்ற கல்வி தீக்களத்தில் துணை நின்றது.

அக்கால எடின்பரோ நெருக்கமான பழைய ஊர். பல மாடிகள் கொண்ட வீடுகள் ஒன்றையொன்று உராய்ந்து நின்றன. இடையே இருவர் எதிர்ப்பட்டால் ஒதுங்க வேண்டிய சந்துகள். தீயணைக்கும் பொறிகளை இன்ஷூரன்சுக் கம்பெனிகள் தனித்தனியே வைத்திருந்தன. ஒரு கம்பெனியின் ஆட்களுக்கும் மற்றொரு கம்பெனியின் ஆட்களுக்கும் ஒற்றுமை இல்லை. 1824-ஆம் ஆண்டின் கோடையில் நேர்ந்த ஒரு பெரிய தீவிபத்துக்குப் பின் நகரத்தார் விழித்துக்கொண்டனர். நகரத்துக்கென்றே ஒரு தீயணைப்புப் படை அமைப்பது என முடிவு செய்தனர். நகராட்சியின் பொறுப்பில் நடந்த தீயணைப்புப் படைகளுள் உலகிலேயே முதலாவது என்று இதனைச் சொல்வர். அதன் தலைமைப் பதவியை 24 வயது இளைஞர் ஒருவருக்கு அளித்தனர். நம்மில் பலர் பட்ட மேற்படிப்பில் அமர்ந்திருக்கும் வயதில், பிரெய்ட்வுட் ஒரு நகரத்தின் உயிருக்குக் காவலரானார்.

எடின்பரோவின் பெருந்தீ

பதவி ஏற்றுச் சில வாரங்களே கழிந்தன. ஆட்களுக்குப் பயிற்சி முற்றுப்பெறவில்லை. 1824 நவம்பர் 15-ஆம் நாள் இரவு, நகரின் நடுநாயகமான ஹை தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் தீ தோன்றியது. மாடி மாடியாக ஏறிக் கூரை கூரையாகத் தாவியது. மறுநாள் டிரான் தேவாலயத்தின் கோபுரமே பற்றிக்கொண்டது. அதன்மேல் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் உருகி வழிந்தன. தீ அடங்குவதற்குள் 13 உயிர்கள் மாண்டன. அவர்களுள் தீயணைப்புப் படையினரும் இருந்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குளிரில் வீதிக்கு வந்தன.

அந்நாட்களில் நடந்த பெருங்குழப்பத்தைப் பிரெய்ட்வுட் தம் வாழ்நாளில் மறக்கவில்லை. நீதிபதிகள் வந்து ஒரு கட்டளை இட்டனர். நகரப் பெரியவர்கள் வந்து வேறொரு கட்டளை இட்டனர். இன்ஷூரன்சுக் கம்பெனியார் மற்றொரு பக்கம் இழுத்தனர். எவர் சொல்லைக் கேட்பது எனத் தெரியாமல் பொறிகள் அங்குமிங்கும் அலைந்தன. நம் ஊர்க் குடிசைத் தீயில் காணும் அதே காட்சி, எடின்பரோவில் பெரிய அளவில் நிகழ்ந்தது. தீ ஓய்ந்த பின் இளைஞராகிய தலைவர்மேல் பழி சுமத்த முயன்றவர்களும் இருந்தனர். விசாரணை நடந்தது. அதன் பயனாக ஒரு நெறி பிறந்தது. தீ நடக்கும் இடத்தில் ஆணையிடும் உரிமை படைத்தலைவர் ஒருவருக்கே உண்டு. பதவியில் எத்துணை உயர்ந்தவராயினும் பிறர் தலையிடலாகாது என்பதே அது. இன்று உலகெங்கும் தீயணைப்புத் துறைகள் கைக்கொள்ளும் இந்நெறி, 13 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.

தீயைக் கற்றல்

அடுத்த எட்டு ஆண்டுகளில் பிரெய்ட்வுட் செய்த பணியே அவரை வரலாற்றில் நிறுத்தியது. முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். உடல் வலிமை ஒன்றையே அவர் பார்க்கவில்லை. தச்சர், கொத்தர், கொல்லர், குழாய் பொருத்துவோர், கூரை வேய்வோர் ஆகிய தொழிலாளரை விரும்பி எடுத்தார். கட்டடத்தைக் கட்டியவனே அது எப்போது இடியும் என்பதையும் அறிவான் அல்லவா? கூரை வேய்பவன் வழுக்கும் சரிவில் தரையில் நடப்பதுபோல் நடப்பான். வயது 17-லிருந்து 25-க்குள் இருந்தால் நன்று என்று கருதினார். அவ்வயதில்தான் பயிற்சி உடலில் ஊறும்.

பயிற்சியைப் பகலில் மட்டும் வைக்கவில்லை. ஊர் உறங்கும் நேரத்தில், விடியுமுன், இருளில் பொறிகளை இழுக்கச் செய்தார். செங்குத்தான தெருக்களில் குழாய்களைப் பூட்டவும் கழற்றவும் ஏணியின்றி ஏறவும் பழக்கினார். தீ பெரும்பாலும் இரவில் வருகிறது. இருட்டில் செய்யத் தெரியாத வேலை தெரியாத வேலையே என்பது அவர் கொள்கை. தலைக்குக் கெட்டியான தோல் கவசம் தந்தார். அதன் பின்புறத்தில் கழுத்தை மறைத்துத் தொங்கும் தோல், மேலிருந்து விழும் கனலும் கொதிநீரும் முதுகில் இறங்காமல் காத்தது.

இவற்றினும் மேலானவை அவர் வகுத்த முறைகள். அக்காலத்தில் தீயணைப்பது என்றால் தெருவில் நின்று சன்னல் வழியாக நீரைப் பீய்ச்சுவது என்பதே வழக்கம். நீர் புகையில் விழும், சுவரில் விழும், எரியும் பொருளில் மட்டும் விழாது. பிரெய்ட்வுட் இதனை மாற்றினார். உள்ளே செல்ல வேண்டும், தீயின் மூலத்தைக் காண வேண்டும், எரியும் பொருளின்மேலேயே நீர் விழ வேண்டும் என்றார். இதன் காரணத்தை நாம் வெப்பவியல் பாடத்தில் படிக்கிறோம். கொதிநிலையில் உள்ள 1 கிலோ நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. எரியும் மரத்தின்மேல் அது நிகழ்ந்தால் மரம் குளிரும். தெருவில் வழிந்தோடும் நீர் எதையும் குளிர்விப்பதில்லை.

உள்ளே செல்வோர்க்கும் அவர் விதிகள் வகுத்தார். எவரும் தனியே செல்லலாகாது. ஒருவர் மயங்கினால் இழுத்து வர மற்றொருவர் வேண்டும். புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடக்கலாகாது. சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு மூச்சுவிடத்தக்க காற்று தங்கியிருக்கும். ஆகவே முகத்தைத் தரையோடு தாழ்த்தித் தவழ்ந்து செல்ல வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் இப்பாடத்தை, அன்று அவர் தம் வீரர்களைப் புகைக்குள் நடத்திச் சென்றே கற்பித்தார்.

பொதுமக்களுக்கு அவர் வலியுறுத்திய அறிவுரை இன்னும் எளியது. தீயைக் கண்டவுடன் கதவையும் சன்னலையும் சாத்துங்கள் என்பதே அது. பதற்றத்தில் மனிதர் எல்லாவற்றையும் திறந்து போட்டு ஓடுகின்றனர். காற்று பாய்கிறது, சிறு தீ பெருந்தீ ஆகிறது. ஒரு மூடிய கதவு, பொறி வந்து சேரும் வரையில் தீயைப் பட்டினி போட்டு வைக்கும். கதவு என்னும் இச்சிறு பொருளை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

இவ்வனுபவங்களைத் தொகுத்து 1830-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பொறிகளின் அமைப்பு, வீரர்களின் பயிற்சி, தீயின்போது செய்யத்தக்கவை ஆகியவற்றை முறைப்படக் கூறும் நூல் அது. எழுத்து மட்டும் அன்று, செயலும் அவரிடம் இருந்தது. எடின்பரோவில் ஓர் இரும்புச் சாமான் கடை எரிந்தபோது உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள் இருப்பதை அறிந்தார். பிறரை அனுப்பாமல் தாமே உள்ளே சென்று அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தார் என்பர்.

இலண்டன் அழைத்தது

இலண்டனிலும் அன்றுவரை ஒவ்வோர் இன்ஷூரன்சுக் கம்பெனிக்கும் தனிப் படை இருந்தது. 1833 சனவரி முதல் நாள், பத்துக் கம்பெனிகள் கூடித் தம் படைகளை ஒன்றாக்கின. அதற்குத் தலைவராகப் பிரெய்ட்வுட்டை அழைத்தன. உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றைக் காக்க அவருக்குக் கிடைத்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். கையால் அழுத்தி இயக்கும் பொறிகளே கருவிகள். ஒரு பொறியின் இருபுறத்துக் கைப்பிடிகளையும் அழுத்த இருபதுக்கு மேற்பட்டோர் வேண்டும். தெருவில் கூடியவர்களைக் கூலிக்கும் பீருக்கும் அமர்த்தி அவ்வேலையைச் செய்வித்தனர்.

மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. பழங்காலத்தில் அரசாங்கக் கணக்குகளை மரக்குச்சிகளில் வெட்டிக் குறித்து வைப்பது ஆங்கில நாட்டு வழக்கம். பயனற்றுப்போன அக்குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் நாள் பாராளுமன்றக் கட்டடத்தின் அடியில் இருந்த அடுப்புகளில் போட்டுக் கொளுத்தினர். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறியது. மாலையில் பிரபுக்கள் சபை எரிந்தது. தொடர்ந்து பொதுமக்கள் சபையும் எரிந்தது. இன்ஷூரன்சு செய்யப்படாத கட்டடம் அது. கம்பெனிப் படை அங்கே செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் பிரெய்ட்வுட் தம் வீரருள் பெரும்பாலோரோடு விரைந்து சென்றார். எரிந்துகொண்டிருந்த சபைகளைக் காப்பது இயலாது எனக் கண்டு, பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் காப்பதில் முழு வலிமையையும் செலுத்தினார். அதன் மரக்கூரையை நீரால் நனைத்துக்கொண்டே இருந்தனர். அம்மண்டபம் இன்றும் நிற்கிறது. எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யத் தெரிந்தவரால்தான் எதையேனும் காப்பாற்ற முடியும்.

எல்லாவற்றிலும் அவர் முன்னோடியாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பொறி இலண்டனில் 1829-ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டது. அதனைத் தம் படையில் சேர்க்க அவர் நெடுங்காலம் தயங்கினார். பொறி பெரிதானால் வீரர்கள் தொலைவில் நின்று நீரை வாரி இறைக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவர் என்று அஞ்சினார். 1860-இல்தான் நிலத்தில் ஓடும் நீராவிப் பொறி அவர் படைக்கு வந்தது. எச்சரிக்கை அவருடைய வலிமை. சில வேளைகளில் அதுவே அவருக்குத் தளையும் ஆயிற்று.

கேளாத செவிகள்

தொழிற் புரட்சியின் காலம் அது. தேம்ஸ் ஆற்றின் கரையில் பண்டகசாலைகள் மலைபோல் எழுந்தன. மரத்துக்குப் பதில் இரும்புத் தூண்களும் இரும்பு உத்தரங்களும் இட்டுக் கட்டினர். இரும்பு எரியாது; ஆகவே இவை தீப்பிடிக்காத கட்டடங்கள் என்று உரிமையாளர் பெருமை பேசினர். பிரெய்ட்வுட் அதனை ஒப்பவில்லை. 1849-ஆம் ஆண்டில் சிவில் எஞ்சினீயர்கள் கழகத்தில் இப்பொருள் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார்.

அவர் கூறிய காரணங்கள் தெளிவானவை. வார்ப்பிரும்பு எரியாது, ஆனால் சூடேறினால் வலிமை குன்றும். சூடேறிய வார்ப்பிரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் திடீரெனப் பிளக்கும். பருத்த மர உத்தரம் மேற்புறம் கரிந்தாலும் உள்ளே நெடுநேரம் தாங்கும். விழுமுன் முனகி எச்சரிக்கும். இரும்போ எச்சரிக்காமல் விழும். ஆகவே இரும்புத் தூண்களின்மேல் நிற்கும் பண்டகசாலையில் தீ நன்றாகப் பற்றிக்கொண்டால் தம் வீரரை உள்ளே செல்ல விடுவதில்லை என்று முடிவு செய்தார். இன்றைய எஃகும் ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியசு வெப்பத்தில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடுகிறது என்று பாடநூல்கள் கூறுகின்றன. அவர் பட்டு அறிந்ததைச் சோதனைச்சாலை பின்னால் வந்து உறுதி செய்தது.

இரண்டாவது எச்சரிக்கை, கட்டடத்தின் பருமனைப் பற்றியது. இடையே சுவர் இல்லாமல் மிகப் பெரிய கூடங்களாகக் கட்டினால், உள்ளே தீப்பற்றிய பின் இலண்டனின் பொறிகள் அனைத்தும் திரண்டு வந்தாலும் அடக்க முடியாது என்றார். கூடங்களைத் தடித்த சுவர்களால் பிரிக்க வேண்டும். சுவர்களில் இரும்புக் கதவுகள் வேண்டும். அக்கதவுகள் மூடியிருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு எழுதினார், குழுக்களின் முன் சாட்சி சொன்னார். வணிகம் பெருகியது, பண்டகசாலைகளும் பெருகின. எச்சரிக்கை ஏட்டில் உறங்கியது.

டூலி தெரு

1861 சூன் 22, சனிக்கிழமை. இலண்டன் பாலத்துக்கு அருகே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டூலி தெருவில், காட்டன்ஸ் துறை என்னும் பண்டகசாலையில் மாலை 5 மணி அளவில் புகை தோன்றியது. அங்கே குவிந்திருந்த பொருள்களை நினைத்தாலே நெஞ்சு நடுங்கும். கயிறு திரிக்கும் நார், சணல், பருத்தி, சர்க்கரை, அரிசி, தேயிலை, எண்ணெய், ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் கொழுப்பு, இவற்றோடு வெடியுப்பு. அக்காலத்தில் உலகுக்குச் சணல் அனுப்பியது நம் வங்காளம். ஏழை உழவனின் வியர்வையும் அவ்வணிகனின் செல்வமும் ஒரே கூரையின்கீழ் எரிந்தன என்றே சொல்லலாம். குவிந்து கிடந்த நார் தானே சூடேறிப் பற்றிக்கொண்டது என்று அப்போது பலர் கருதினர்.

பண்டகசாலைகளின் இடையே இரும்புக் கதவுகள் இருந்தன. பிரெய்ட்வுட் கேட்ட கதவுகள்தாம். ஆனால் அன்று அவை திறந்து கிடந்தன. தீ அவற்றின் வழியே ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்துக்கு விருந்தாளிபோல் நடந்து சென்றது.

பிரெய்ட்வுட் வந்து சேர்ந்தார். ஆற்றில் அப்போது வற்றுநீர். மிதக்கும் பொறிகள் கரையை நெருங்க இயலவில்லை. தெருக்குழாய்களில் நீர் போதவில்லை. உருகிய கொழுப்பு கொழுந்துவிட்டு எரிந்தவாறே வழிந்து ஆற்றில் இறங்கியது. நீரின்மேலும் நெருப்பு மிதந்தது. இலண்டன் பாலத்திலும் படகுகளிலும் பல்லாயிரவர் கூடி வேடிக்கை பார்த்தனர்.

வெப்பத்தில் வீரர்கள் சோர்ந்தனர். இரவு 7 மணிக்குமேல், குறுகிய சந்து ஒன்றில் களைத்து நின்ற வீரர்களுக்குப் பானம் வழங்கி ஊக்கம் ஊட்டுவதற்காகப் பிரெய்ட்வுட் அவர்களிடையே சென்றார். தலைவருக்கென்று ஒதுங்கிய இடத்தை அவர் என்றும் தேடியதில்லை. அந்நேரத்தில் அருகிருந்த உயர்ந்த சுவர் ஒன்று வெளிப்புறமாகப் பிதுங்கிச் சரிந்தது. வீரர்கள் சிதறி ஓடினர். பிரெய்ட்வுட்டும் அவர் அருகில் நின்ற ஒருவரும் இடிபாட்டின்கீழ் புதைந்தனர். மீட்கப் பாய்ந்தவர்களைத் தீ அண்டவிடவில்லை. அப்போது அவருக்கு வயது 60.

வீரர்கள் அழுதுகொண்டே போராட்டத்தைத் தொடர்ந்தனர். அவர் உடலை எடுப்பதற்கு நாட்கள் ஆயின. தீ முற்றும் அணைவதற்கு இரு வாரங்கள் ஆயின. அழிந்த பொருளின் மதிப்பு 20 இலட்சம் பவுன் என்று கணக்கிட்டனர். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் இலண்டன் கண்ட மிகப் பெரிய தீ அது என்றனர்.

மாநகரின் கண்ணீர்

சூன் 29-ஆம் நாள் இறுதி ஊர்வலம் நடந்தது. ஒன்றரை மைல் நீளம் மக்கள் அணிவகுத்து நடந்தனர். கடைகள் அடைபட்டன, தேவாலய மணிகள் முழங்கின. அரசியார் விக்டோரியா தம் இரங்கலைத் தெரிவித்தார். அவருடைய சீருடையில் இருந்த பொத்தான்களையும் தோளணிகளையும் எடுத்து அவர் வீரர்களுக்குப் பங்கிட்டு அளித்தனர். கோட்டையை வென்ற தளபதிக்கும் கிடைக்காத அன்பு அது. ஆபினி பார்க் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். அவருடைய மனைவியாரின் முதல் மணத்தில் பிறந்த மகனும் தீயணைப்பு வீரரே; அவரும் ஆறு ஆண்டுகளுக்கு முன் தீக்களத்தில் மாண்டவர். அம்மகனின் பக்கத்திலேயே அவர் துயில்கிறார். கணவரையும் மகனையும் ஒரே பகைக்குப் பறிகொடுத்த அந்த அம்மையாரின் துயரத்தை என்னென்பது!

அவர் மறைவு வீண்போகவில்லை. இழப்பைத் தாங்க இயலாத இன்ஷூரன்சுக் கம்பெனிகள், நகரத்தைக் காக்கும் பொறுப்பை இனி ஏற்க முடியாது என்று 1862-இல் அரசாங்கத்துக்கு அறிவித்தன. 1865-இல் சட்டம் பிறந்தது. 1866 சனவரி முதல் நாளிலிருந்து இலண்டனின் தீயணைப்புப் படை பொதுப்பணத்தில் நடக்கும் பொதுத்துறை ஆயிற்று. பொருளைக் காப்பதற்காகக் கம்பெனிகள் வைத்த படை, உயிரைக் காப்பதற்காக மக்கள் வைத்த படையாக மாறியது. எடின்பரோவில் 24 வயதில் அவர் தொடங்கிய நெறி, அவர் மாண்ட பிறகே இலண்டனில் முழுமை பெற்றது.

நமக்கு என்ன?

கடல் கடந்த நாட்டில் என்றோ மாண்ட ஒருவரின் கதை பெங்களூருவில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுத் தீக்களங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், பருத்தியையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றிய கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் மாண்டனர். அந்நாளே இன்று நாடெங்கும் தீயணைப்புத் தொண்டு நாளாக நினைவு கூரப்படுகிறது. 1981 பிப்ரவரி 7-ஆம் நாள் இதே பெங்களூருவில் சர்க்கஸ் கூடாரம் ஒன்று எரிந்து 92 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ ஓலைக்கூரையில் பற்றி, 94 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. 2010 பிப்ரவரி 23-ஆம் நாள் நம் நகரின் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் அடுக்குமாடி அலுவலகக் கட்டடத்தில் புகை சூழ்ந்து 9 பேர் மாண்டனர். தப்பும் வழிகள் அடைபட்டிருந்தன. மூச்சுத் திணறியவர்கள் மாடியிலிருந்து குதித்தனர். 2020 தீபாவளி நாளில் மதுரையில் ஜவுளிக்கடை ஒன்றில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து உயிர் துறந்தனர். டூலி தெருவில் சரிந்த அதே சுவர் மதுரையிலும் சரிந்தது என்று எண்ணும்போது, இடையில் கழிந்த 159 ஆண்டுகளும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது.

டூலி தெருவில் மூடியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடந்தது. நம் நகரில் திறந்திருக்க வேண்டிய கதவு மூடிக் கிடந்தது. தீயின் வரலாறு பெரும்பாலும் கதவுகளின் வரலாறே. அறிவு இல்லாமையால் மாண்டவர்கள் சிலர். அறிந்ததைச் செய்யாமையால் மாண்டவர்களே பலர். பிரெய்ட்வுட் 1861-இல் தீயால் மட்டும் மாளவில்லை. தாம் கூறிய எச்சரிக்கையைப் பிறர் கேளாமையாலும் மாண்டார்.

படிப்புக்காக எல்லை கடந்து வந்து, விடுதிகளிலும் நெருக்கமான வாடகை அறைகளிலும் தங்கி, ஆய்வுக்கூடங்களில் எளிதில் எரியும் கரைப்பான்களோடு நாளெல்லாம் பழகும் நமக்கு இது அயலார் கதை அன்று. தாமே சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு, வந்து போக இடையூறாக இருக்கிறது என்று செங்கல் வைத்துத் திறந்து வைக்கப்பட்டிருப்பதை எத்தனை கட்டடங்களில் பார்க்கிறோம்! அவசர வழி என்று எழுதிய படிக்கட்டில் உடைந்த நாற்காலிகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருப்பதை எத்தனை இடங்களில் பார்க்கிறோம்! திருடனுக்கு அஞ்சிப் பூட்டிய கம்பிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரவில் எவருக்கேனும் தெரியுமா?

ஆகவே நண்பர்களே, இம்மாமனிதரை நினைக்கும் வகையில் சில செய்வோம். நாம் தங்கும் இடத்தில் வெளியேறும் இரண்டாவது வழி எது என்று இன்றிரவே நடந்து பார்ப்போம். படிக்கட்டில் பொருள் கிடந்தால் அகற்றச் சொல்வோம். அகற்றும் வரை கேட்போம். தீக்கண்டால் ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்துவோம், புகையில் தவழ்வோம், 101 அல்லது 112 என்ற எண்ணை உடனே அழைப்போம். வீரர்கள் வந்தபின் ஆளுக்கொரு கட்டளை இடாமல் வழிவிட்டு நிற்போம். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டா, பட்டமும் வேண்டா.

ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கும் நடுகல் நட்ட மரபு நம்முடையது. அம்மரபு கன்னட நாட்டுக்கும் உரியது. பெங்களூரு என்னும் பெயர் காணப்படும் மிகப் பழைய சான்றே, பேகூரில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டின் வீரக்கல்தான். பிரெய்ட்வுட்டுக்கு டூலி தெருவில் ஒரு நினைவுக்கல் உண்டு. எடின்பரோவில் 2008-ஆம் ஆண்டில் திறந்த சிலையும் உண்டு. மதுரையில் மாண்டவர்க்கும் பம்பாயில் மாண்டவர்க்கும் நாம் செய்யத்தக்க சிறப்பு கல்லால் ஆவது மட்டும் அன்று. அடுத்த வீரர் ஒருவர் அவ்வாறு மாள நேராமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு நாம் எடுக்கும் உண்மையான நடுகல். சாத்த வேண்டிய கதவைச் சாத்தியும், திறக்க வேண்டிய கதவைத் திறந்தும் வைப்போமாக.